திரும்பப் பெற்ற சாட்சி

செல்வாம்பாள் மீன் விற்கும்போது மீனின் குறையைத்தான் முதலில் சொல்வார்.

"இது நேத்து மீனுதான்க்கா. கொழம்புக்கு ஆவாது. மசாலா தடவி வறுத்துக்கோ."

சாரம் பகுதியில் எங்கள் தெருவுக்கு அவர் வரத் தொடங்கிப் பதினைந்து வருடம் இருக்கும். கடற்கரைக் குப்பமான பிள்ளைச்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து முனையில் இறங்குவார். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினிய அன்னக்கூடை. பழைய மீனின் செவுளில் புது ரத்தத்தைத் தடவி அன்றைய மீன் என்று விற்கும் வித்தை அந்தத் தொழிலில் உண்டு. செல்வாம்பாள் அதைச் செய்ததில்லை. செய்கிறவர்களை மார்க்கெட்டிலேயே பேர் சொல்லித் திட்டியிருக்கிறார். அதனால் எங்கள் தெருவில் யாரும் அவரிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அவர் சொன்னால் சரி.

அவருடைய இந்தச் சொல்தான் ஒருநாள் அவர் மகனைக் கொல்லப் பார்த்தது.

மகன் பெயர் சிலம்பரசன். பத்தொன்பது வயதில், கரையில் படகை இழுத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று விறைத்து மணலில் விழுந்தான். கை கால் இழுத்தது, வாயில் நுரை வந்தது. ஊர் கூடியது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் வெங்காயத்தை மூக்கில் வைத்தார். ஒருவர் அம்மன் குற்றம் என்றார். இரண்டு நிமிடத்தில் அது தானாகவே நின்றது. சாவி கொடுத்தவர் தன்னால்தான் நின்றது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வலிப்பு வந்தவனைப் படகில் ஏற்றக் கூடாது என்பது அந்தக் கரையில் எழுதாத சட்டம். நியாயமான சட்டமும்கூட. நாலு பேர் போகும் ஃபைபர் படகில் ஒருவன் நடுக்கடலில் விழுந்தால் மற்ற மூன்று பேரின் உயிரும் ஊசலாடும். ஆனால் கடலுக்குப் போகாத இளைஞனுக்கு அந்தக் கரையில் என்ன மதிப்பு? அப்பா சுப்பராயனே சாப்பாட்டு வேளையில் சொல்வாராம்: "கரையில நிக்கறவனுக்கு எதுக்குடி ரெண்டாந்தடவ சோறு?" சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த மீனை எடுத்து அவன் தட்டில் வைப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்கலாம். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். தலையில் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், இலவசம்தான். சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

இந்த மாத்திரை நோயை அழிப்பதில்லை. வலிப்பு வராமல் தடுத்து நிறுத்தி வைக்கிறது. தடுப்பை எடுத்தால் அது திரும்ப வரும். இதைத் தமிழில் சொல்ல அரை நிமிடம் ஆகும். நான்கு வருடம் மாதந்தோறும் போன செல்வாம்பாளுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை. மூடநம்பிக்கையை ஏழையின் தலையில் கட்டிவிட்டுச் சிரிக்கும் படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அறிவை ஆங்கிலத்தில் எழுதி உள்ளே வைத்துப் பூட்டியவர்கள் நாம்தாம். பூட்டிய கதவின் முன்னால் நின்றவள் வேறு கதவைத் தட்டினாள் என்றால் குற்றவாளி அவளா?

அவர் தட்டிய கதவு எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. ஒரு பழைய மாடி வீடு. அதன் சொந்தக்காரர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அந்த நாட்டிலேயே தங்கிவிட்டார்கள். தெருவில் இன்றும் அதற்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் பேர். மாடியில் ஜெபக்கூடம். பாஸ்டர் சந்திரமோகன் ஒரு காலத்தில் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஊழியத்துக்கு வந்தவர். அவர் மனைவி அன்புசெல்விதான் செல்வாம்பாளிடம் மீன் வாங்குவார்.

ஒரு நாள் அன்புசெல்வி கானாங்கெளுத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன்மா முகம் இப்படி இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். செல்வாம்பாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"உள்ள வாம்மா. கூடை இங்கயே இருக்கட்டும், பூன வந்தா நான் பாத்துக்கறேன். புள்ள பேரு என்னா?"

"சிலம்பரசன்."

அன்புசெல்வி கண்ணை மூடினார். "ஆண்டவரே, சிலம்பரசனை உங்க கையில வெக்கறோம்" என்று ஆரம்பித்தார்.

இதைப் பற்றிப் பின்னாளில் செல்வாம்பாள் என்னிடம் சொன்னது: "நாலு வருசத்துல அவன் பேர அப்படி யாரும் கேட்டதில்ல சார். ஆஸ்பத்திரில நம்பர கூப்புடுவாங்க. ஊர்ல 'ஃபிட்ஸு பையன்'. அந்தம்மாதான் பேர கேட்டு, அந்தப் பேரச் சொல்லி அழுதாங்க. அந்தக் கூடத்துல என்னை நாற்காலில உக்கார வெச்சாங்க. மீன் நாத்தம் வருதுன்னு ஒருத்தரும் மூக்கப் பொத்தல."

எனக்குக் கடவுள் இல்லை. அற்புத சுகமளிக்கும் கூட்டங்களுக்கு எதிராக முப்பது வருடமாகத் துண்டறிக்கை போடுகிறவன் நான். ஆனால் அந்த நாற்காலியை நம்மில் எவரும் அவருக்குப் போடவில்லை. நானும் வாசலில் நிறுத்தித்தான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சுப்பராயன் வீட்டில் சும்மா விடவில்லை.

"ஊருக்கு ஒரு மாரியாத்தா இருக்கறா, அவ பத்தலையாடி உனக்கு?"

"நீ அங்க கேளு, நான் இங்க கேக்கறேன். எந்த வாசல் தொறந்தாலும் நம்ம புள்ளைதான உள்ள போவப் போறான்?"

இது அவருடைய ஆரம்பகால விசுவாசம். பேரம். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார், ஆறாம் மாதம் ஞானஸ்நானம் வாங்கினார், தினமும் இரவு எட்டு மணிக்கு மகனை உட்கார வைத்து ஜெபித்தார். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒன்றைத்தான் கேட்டார்: குணமாக்கு. "வஞ்சிரத்துக்குப் பேரம் பேசற மாதிரிதான் சார் பேசிக்கினு இருந்தேன். நான் இவ்ளோ ஏத்திட்டேன், நீ எப்ப எறக்குவேன்னு."

அந்த வருடம் ஆறு மாதம் வலிப்பே வரவில்லை.

காரணம் தேடுகிறவனுக்குக் காரணம் அங்கேயே கிடந்தது. அதற்கு முன்னால் மாத்திரையை நினைவு வந்தபோது கொடுப்பார்கள், பல நாள் மறப்பார்கள். எட்டு மணி ஜெபம் வந்த பிறகு, ஜெபம் முடிந்ததும் மாத்திரை என்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு நாளும் தவறவில்லை. ஜெபம் மாத்திரைக்குக் கடிகாரமாக இருந்தது. செல்வாம்பாளுக்கு அது தெரியவில்லை. அந்தக் கூடத்திலும் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். நன்மை பெற்றவர்கள் கையைத் தூக்குவார்கள், பாஸ்டர் மைக்கைக் கொடுப்பார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு செல்வாம்பாள் கையைத் தூக்கினார்.

"என் மவன் சிலம்பரசனுக்கு ஆண்டவர் ஃபிட்ஸ குணமாக்கிட்டாரு!"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ செல்ஃபோனில் படம் பிடித்தார்கள். அது வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போனது.

அன்று இரவு எட்டு மணிக்கு ஜெபம் முடிந்தது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தவர் நின்றுவிட்டார். மைக்கில் குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரை கொடுத்தால், ஆண்டவரைப் பொய்யராக்குவது ஆகாதா? நிறுத்தச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாஸ்டர் சந்திரமோகன் அப்படிப் பேசுகிறவர் அல்ல. ஆனால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சாட்சி சொன்னவர் யாரையும் அந்தக் கூடம் கண்டதில்லை. வாயால் சொல்லாத பாடம்தான் அடிவரை இறங்கும். அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்.

சிலம்பரசன் கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்டான். பெரியப்பா மகன் வெற்றிவேலின் படகில் ஓர் ஆள் குறைந்திருந்தது. வெற்றிவேல் வீட்டுக்கே வந்து கேட்டான்.

"சித்தி, நெசமாவே கொணமாயிடுச்சா?"

"ஆயிடுச்சிப்பா."

கரையில் பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். செல்வாம்பா சொன்னா சரிதான். நேத்து மீனை நேத்து மீன்னு சொல்றவ.

மாத்திரையை நிறுத்திய நாற்பத்தோராம் நாள் காலை எட்டு மணி. படகு திரும்பிக்கொண்டிருந்தது, கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்த சிலம்பரசன் விறைத்தான். ஒரு சத்தமும் இல்லாமல் பின்பக்கமாகக் கடலில் சாய்ந்தான். வெற்றிவேல் குதித்து, கைக்குக் கிடைத்த தலைமுடியைப் பிடித்து இழுத்தான். படகு விளிம்பில் மோதி அவன் தோள்மூட்டு கழன்றது. முடியை மட்டும் விடவில்லை.

சிலம்பரசனின் நெஞ்சில் தண்ணீர் ஏறியிருந்தது. ஐசியூவில் நான்கு நாள் கிடந்து பிழைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு நின்ற வெற்றிவேல் செல்வாம்பாளைப் பார்த்துச் சொன்னான்: "சித்தி, உன் வார்த்தைய நம்பித்தான் அவன ஏத்தினோம். இனிமே நீ மீன மட்டும் பத்திப் பேசு."

சுப்பராயன் மூன்றாம் நாள் கேட்டார்: "உன் சாமி கைய வுட்டுட்டாரு, பாத்தியா?"

"அவரு கைய வுடல. நான்தான் மாத்திரைய வுட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் எதிர்பார்ப்பது வேறு. பிரார்த்தனை பொய்த்துவிட்டது, ஆகவே விசுவாசம் உடைந்துவிட்டது என்று கதை முடிய வேண்டும். விசுவாசிகள் பக்கம் எதிர்பார்ப்பது இன்னொன்று: விசுவாசம் போதவில்லை, இன்னும் ஜெபி. செல்வாம்பாள் இரண்டு பக்கமும் போகவில்லை. எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த அந்த அம்மா, எது யாருடைய செயல் என்று பிரித்துப் பார்த்தார். தன் பங்கைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. யாருக்கும் தெரியாமல் எட்டு மணி ஜெபத்தையும் மாத்திரையையும் சேர்த்தே நடத்திக்கொண்டு போயிருக்கலாம். நம் நாட்டில் கோடிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

நான்காம் நாள் ஐசியூ வாசலில் இருந்தபோது அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. தெரியாத எண். சந்தோஷமான குரல்.

"அக்கா, நான் தவளக்குப்பத்துலருந்து சங்கவி பேசறேன். உங்க சாட்சி வீடியோ பாத்தேன்க்கா. எங்க பாப்பாவுக்கும் ஃபிட்ஸ்தான், ஆறு வயசு. உங்களப் பாத்துட்டு நானும் மாத்திரைய நிறுத்திட்டேன். இருவது நாளாவுது, ஒண்ணுமே வரலக்கா! உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நம்பர் தேடிப் புடிச்சேன்…"

"அடியேய், பாப்பாவ தூக்கு!" செல்வாம்பாள் கத்திய கத்தலில் காவலாளி ஓடி வந்தாராம். "இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடு! மாத்திரைய நிறுத்திட்டேன்னு டாக்டர்ட்ட சொல்லு! என் புள்ள உள்ள கொழா மாட்டிக்கினு கெடக்கறான்டி!"

அந்தப் பெண் ஓடினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செல்வாம்பாளுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு சங்கவிக்கு நம்பர் கிடைத்தது. நம்பர் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்?

சிலம்பரசன் வீடு திரும்பிய மறுநாள் அவர் சொல்தா வீட்டு மாடிப்படி ஏறினார். அன்று நடந்ததைச் செல்வாம்பாளும் பாஸ்டரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"ஐயா, நான் குடுத்த சாட்சிய திரும்ப வாங்கணும்."

பாஸ்டருக்குப் புரியவில்லை. "சாட்சியெல்லாம் திரும்ப வாங்கற சாமானாம்மா?"

"மீனே கெட்டுப்போயிருந்தா வாசலுக்குப் போயித் திரும்ப வாங்கியாறேன் ஐயா. இது அதவிடப் பெருசாச்சே."

"சகோதரி, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா புதுசா வந்தவங்க இருக்கறாங்க. அவங்க விசுவாசம் ஆடிப் போயிடும்."

"ஆடட்டும். ஆடாம எந்தப் படகு மெதக்குது?"

"அந்தச் சங்கவிகிட்ட சொல்லிட்டீங்கள்ல? அப்பறம் என்னம்மா? ஆண்டவரோட பேருக்கு ஒரு கொறை வரக் கூடாது பாருங்க."

"அவரு பேருக்குக் கொறை வெச்சதே நான்தான் ஐயா. ஆறு மாசமா ஃபிட்ஸ் வரல. நான் கண்ணால பாத்தது அவ்ளோதான். கொணமாயிடுச்சின்னு சொன்னது நானா சேத்தது. செவுள்ல ரத்தம் தடவினேன். அவருக்கு எதுக்கு ஐயா அந்த ரத்தம்? அவரு என்னா விக்காத மீனா?"

"ஞாயித்துக்கெழமை வாங்க. ஜெபிச்சிட்டுச் சொல்றேன்" என்றார் பாஸ்டர். சரி என்று சொல்லவில்லை.

கீழே இறங்கியவர் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். கூடை இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"சார், நீங்க எங்காளுங்கள கிண்டல் பண்ணி நோட்டீஸ் போடறவரு. தெரியும். ஞாயித்துக்கெழம வர்றீங்களா? தப்பு நடந்தா எழுதறீங்கல்ல, அது திருந்தறத வந்து பாருங்க. சிரிக்கக் கூடாது."

"அவங்க பேச விடலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அந்தக் கூடத்த வுட்டா எனக்குப் போறதுக்கு எடம் இல்ல சார். ஊர்ல என்கூட யாரும் பேசறதில்ல. வெற்றிவேலு மூஞ்ச திருப்பிக்கறான். இவங்களும் படிய அடைச்சிட்டாங்கன்னா…" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அதுக்காவ இன்னொருத்தி புள்ள சாவணுமா?"

அந்த ஞாயிறு, செருப்புகள் குவிந்து கிடந்த மாடிப்படியின் மேல்படியில் நின்றேன். நூற்றிருபது பேர் இருப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும் விசிறிகள், ஒரு கீபோர்டு. செல்வாம்பாள் பெண்கள் பக்கம் நான்காம் வரிசையில் மஞ்சள் புடவையில் இருந்தார். ஆண்கள் பக்கம் அதே வரிசையில் சிலம்பரசன், இளைத்துப்போய். சுப்பராயன் வரவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் எனக்கு இரண்டு படி கீழே, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "நான் உள்ளலாம் வர மாட்டேன். தொணைக்கி வந்தேன்" என்றார்.

சாட்சி நேரம் வந்தது. செல்வாம்பாள் கையைத் தூக்கினார். பாஸ்டரின் பார்வை அந்தக் கையில் பட்டு, நகர்ந்து, வேலை கிடைத்த ஒரு பெண்ணை அழைத்தது. அடுத்து, கடன் வழக்கிலிருந்து மீண்ட ஒருவரை. செல்வாம்பாளின் கை இறங்கவில்லை. கூடையைத் தாங்கிப் பழகிய கை, வலித்தாலும் இறங்காது. கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கு ஆரம்பித்தார். அப்போது செல்வாம்பாள் எழுந்து நின்றார், தூக்கிய கையோடு. பாட்டு தானாக நின்றது.

பாஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு அவரே வரிசைக்குள் நடந்து வந்து மைக்கைக் கொடுத்தார்.

"ஸ்தோத்திரம். நான் பிள்ளச்சாவடி செல்வாம்பா. ஆடி மாசம் இந்த எடத்துல நின்னு என் மவனுக்கு ஃபிட்ஸ் கொணமாயிடுச்சின்னு சொன்னேன். அது பொய்யி. வேணும்னு சொன்ன பொய்யி இல்ல. ஆசையில சொன்ன பொய்யி. ஆனாலும் பொய்யி."

பின்வரிசையிலிருந்து ஓர் ஆணின் குரல்: "அவிசுவாசமா பேசாதீங்கம்மா! மைக்க வாங்குங்க பாஸ்டர்!"

"இருங்கண்ணே. நல்ல சேதி சொன்னப்ப எந்திரிச்சி நின்னு கேட்டீங்க. இத உக்காந்தாவது கேளுங்க."

ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னார். நாற்பத்தோராம் நாளைச் சொன்னார். வெற்றிவேலின் தோளைச் சொன்னார். சங்கவியின் பேரைச் சொல்லாமல், ஒரு தாய் என்று சொல்லி அந்த ஃபோனைப் பற்றிச் சொன்னார். குரல் ஓரிடத்திலும் உயரவில்லை. தெருவுக்கே கேட்கும்படி மீன் கூவுகிற தொண்டை அது.

"என் பேச்சக் கேட்டு யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா, கைய தூக்க வேணாம். இங்கருந்து நேரா டாக்டர்ட்ட போங்க. தொணைக்கி ஆள் வேணும்னா நான் வர்றேன், ஒரு நாளு மீன் விக்காட்டிப் பரவால்ல. ஆண்டவர்ட்ட கொணமாக்குன்னு நான் இன்னும் கேக்கறேன். கேக்கறத வுட மாட்டேன். ஆனா அவரு குடுக்காதத குடுத்துட்டாருன்னு சொல்ல மாட்டேன். நான் சாட்சிதான். அவருக்கு வக்கீல் இல்ல."

இடுப்புச் செருகலிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து பாஸ்டரிடம் நீட்டினார்.

"இத கையில வெச்சிக்கினு என் புள்ளைக்கி ஜெபிங்க ஐயா."

பாஸ்டர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அப்போது முன்வரிசையிலிருந்து அவர் மனைவி அன்புசெல்வி, மைக் இல்லாமலேயே, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"ஏங்க, உங்க சுகர் மாத்திரையையும் சொல்லிடுங்க."

பாஸ்டர் ஒரு நொடி கண்ணை மூடினார். "பதினோரு வருசமா போடறேன்" என்றார். "சட்டைப் பைலதான் இருக்குது. இங்க நின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நான் சொல்லியிருந்தா அந்தம்மாவும் நிறுத்தியிருக்க மாட்டாங்க." அந்த அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு முழங்காலிட்டார். சரசரவென்று நாற்காலிகள் நகர்ந்தன. கூடமே முழங்காலிட்டது. நின்றவர் செல்வாம்பாள் ஒருவர்தான்.

நான் பகுத்தறிவு மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். பல்கலைக்கழகக் கருத்தரங்குகள், கட்சிப் பொதுக்குழுக்கள், எல்லாம் பார்த்திருக்கிறேன். தன் முடிவு தவறு என்று, அதை முதலில் சொன்ன அதே இடத்தில், அதே கூட்டத்தின் முன்னால், யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று சொன்ன ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. என் துண்டறிக்கை ஒன்றிலேயே ஒருமுறை தவறான தகவல் வந்துவிட்டது. அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. இப்போது எழுதுகிறேன், இரண்டு வருடம் கழித்து, அந்த அம்மாவைப் பார்த்த துணிச்சலில். மெய்யை நேசிப்பது எங்கள் பக்கத்தின் தனிச்சொத்து என்று நான் நம்பியிருந்தேன். அன்று அந்தப் படியில் நின்றபோது அது உடைந்தது. கீழ்ப்படியில் சுப்பராயன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. பின்வரிசையில் கத்தியவர் மறுபடி வரவில்லை. எட்டுக் குடும்பங்கள் வேறு கூடத்துக்குப் போய்விட்டன. இரண்டு பெண்கள் செல்வாம்பாளைத் தனியாகப் பிடித்தார்கள், ஒருத்தி ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தியவள், ஒருத்தி மனச்சோர்வுக்கான மாத்திரையை. அவர்களோடு வரிசையில் நிற்க அவர் இரண்டு நாள் மீனை விட்டார்.

சிலம்பரசன் கடலுக்குப் போவதில்லை. பிள்ளைச்சாவடியில் ஒரு சின்னக் கடை போட்டு செல்ஃபோனும், படகுகளில் வைக்கும் ஜிபிஎஸ் கருவியும் பழுது பார்க்கிறான். வெற்றிவேலின் படகு அவன் சரிசெய்த கருவியை வைத்துத்தான் வழி கண்டுபிடித்து வருகிறது. தோள் குணமான பிறகு வெற்றிவேல் முதலில் பேசியதே கருவியைக் கொடுக்க வந்தபோதுதான்: "சித்தி, இது கொணமாயிடுச்சான்னு நீ சொல்லாத, அவன் சொல்லட்டும்." செல்வாம்பாள் அவன் முதுகில் ஓர் அடி வைத்தார். அதோடு சமாதானம்.

எட்டு மணிக்கு அவன் ஃபோனில் மணி அடிக்கும். ஜெபம், பிறகு மாத்திரை. "எங்கம்மா ஆமென் சொல்லாட்டி மாத்திர உள்ள எறங்காது சார்" என்று கிண்டல் செய்கிறான்.

பதினான்கு மாதம் வலிப்பு வரவில்லை. செல்வாம்பாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பதினைந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வந்தது. அடுத்த ஞாயிறு அவர் கையைத் தூக்கினார். மைக்கில் சொன்னது இவ்வளவுதான் என்று அன்புசெல்வி சொன்னார்:

"செவ்வாக்கெழம திரும்ப வந்திச்சி. ரெண்டு நிமிசம். டாக்டர பாத்துட்டோம், மாத்திரைய கொஞ்சம் ஏத்தியிருக்காரு. ஜெபிச்சிக்குங்க."

கூடம் ஜெபித்தது. இப்போது அந்தக் கூடத்தில் குணமானவர்கள் மட்டும் கையைத் தூக்குவதில்லை. குணமாகாதவர்களும் மைக்கை வாங்கி, இன்னும் ஆகவில்லை என்று சொல்கிறார்கள்.

சென்ற வாரம் வாசலில் மீன் வாங்கும்போது கேட்டேன். இப்போது அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், உட்கார்ந்துதான் பேசுவார். "இத்தனைக்குப் பிறகும் ஆண்டவர்ட்ட என்னத்த கேக்கறீங்க?"

"அதையேதான் சார். கொணமாக்குன்னுதான்."

"அப்ப என்ன மாறிச்சு?"

அவர் ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டு யோசித்தார். "முன்னலாம் ஜெபம் பண்றப்ப ஒரு கண்ணதான் மூடுவேன். இன்னொரு கண்ணால, குடுக்கறாரா இல்லையான்னு பாத்துக்கினே இருப்பேன். இப்ப ரெண்டையும் மூடிக்கறேன். குடுத்தாலும் அவருதான், குடுக்காட்டியும் அவருதான், பக்கத்துல உக்காந்திருக்காரு. அது எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியாது. பரவால்ல."

எழுந்து, சும்மாட்டைச் சரிசெய்து, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"கானாங்கெளுத்தி நேத்து மீனு சார். கொழம்பு வெச்சிடாதீங்க."